தராசுக்கும் மின்விசிறிக்கும் இன்டர்நெட் எதற்கு?

இன்று செஞ்சியிலோ திண்டிவனத்திலோ ஒரு மின்சாதனக் கடைக்குள் நுழைந்தால், ‘இது ஸ்மார்ட் சார், வைஃபை உள்ளது, செல்போனிலேயே போடலாம், நிறுத்தலாம்’ என்று சொல்லி ஒரு சாமானை முதலில் எடுத்து வைக்கிறார்கள். மின்விசிறி, பல்பு, ஃபிரிட்ஜ், ஏ.சி., துணி துவைக்கும் இயந்திரம், கேமரா என்று எல்லாவற்றிலும் இன்டர்நெட் வந்துவிட்டது. நம் கடைகளுக்கு வரும் முகவர்களும் தராசு, பில் மெஷின், குளிர்பெட்டி எல்லாவற்றையும் ‘ஆன்லைனில்’ இணைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள்.

இந்த விஷயத்தில் நமக்கு இரண்டு வகையில் அக்கறை உண்டு. கடையிலும் வீட்டிலும் இவற்றை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் நாம். வாடிக்கையாளர் யோசனை கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்களும் நாமே. சாமான் பழுதானால் அவர் கம்பெனியைத் தேடிப் போவதில்லை, நம் கடை வாசலில்தான் வந்து நிற்கிறார். ஆகவே எந்தச் சாமானுக்கு இன்டர்நெட் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை நாம் தெளிவாகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இணைப்பு எங்கிருந்து வந்தது?

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு குளிர்பான இயந்திரம் இருந்தது. கணிப்பொறித் துறை மாணவர்கள் தங்கள் அறையிலிருந்து அதுவரை நடந்து போனால், சில நேரம் பாட்டில் தீர்ந்திருக்கும். சில நேரம் அப்போதுதான் அடுக்கியிருப்பார்கள், குளிர்ந்திருக்காது. அலைச்சலைத் தவிர்க்க அந்த இயந்திரத்தைக் கணிப்பொறி வலையமைப்பில் இணைத்தார்கள். எந்த அடுக்கில் சரக்கு இருக்கிறது, எது குளிர்ந்திருக்கிறது என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. வலையமைப்பில் இணைக்கப்பட்ட முதல் சாதனங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள்.

இது வியாபாரிக்குச் சுலபமாகப் புரியும் கதை. கிடங்கில் சரக்கு இருக்கிறதா என்று தெரியாமல் வண்டி அனுப்பினால் வாடகை நஷ்டம். சாமான் தூரத்தில் இருந்தது, அதன் நிலையைத் தெரிந்துகொள்ளும் தேவையும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் இணைப்புக்குப் பயன் கிடைத்தது.

நம் பக்கத்து விவசாயிகள் கிணற்று மோட்டாரைச் செல்போனில் போடுவதும் இந்தக் கணக்குத்தான். கொல்லை ஊருக்கு வெளியே இருக்கிறது, மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு மோட்டார் ஓட வேண்டும். செல்போனில் இயக்கும் இந்தக் கருவிக்கு வேளாண் பொறியியல் துறை மானியமும் தந்திருக்கிறது. இவற்றில் பல வகைகளுக்கு இன்டர்நெட்கூட வேண்டாம். ஒரு போன் அழைப்போ குறுஞ்செய்தியோ போதும்.

தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய ‘ஈவின்’ திட்டத்தில், அரசு மருந்துக் கிடங்குகளின் குளிர்பெட்டிகளில் சிம் கார்டு உள்ள வெப்பமானிகளைப் பொருத்தினார்கள். வெப்பம் ஏறினால் பொறுப்பாளருக்குச் செய்தி போகிறது. ஆனால் சிக்னல் இல்லாவிட்டாலும் அந்தக் குளிர்பெட்டி குளிர்வித்துக்கொண்டேதான் இருக்கும். சாமான் தன் வேலையைத் தானே செய்கிறது. இன்டர்நெட் தகவலை மட்டும் சுமந்து செல்கிறது. நல்ல சாமானுக்கு இதுவே இலக்கணம்.

மின்விசிறியின் மிச்சம் எதனால்?

‘வைஃபை மின்விசிறி கரண்ட் பில்லைக் குறைக்கும்’ என்று விற்கிறார்கள். மின்சாரம் மிச்சமாவது உண்மை. ஆனால் அந்த மிச்சம் வைஃபையால் வருவதில்லை. பி.எல்.டி.சி. என்னும் புதுவகை மோட்டாரால் வருகிறது. பழைய வகை மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட்டில் ஓடும். நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 164 யூனிட் மிச்சம். சாதாரண ரிமோட் உள்ள பி.எல்.டி.சி. விசிறியிலும் இதே மிச்சம்தான். வைஃபைக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு ஒரு யூனிட்கூடக் குறையாது. மாறாக, வீட்டில் 24 மணி நேரமும் எரியும் வைஃபை பெட்டி 10 வாட் எடுத்தால், அதுவே ஆண்டுக்கு 88 யூனிட் ஆகிறது.

ஃபிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் மின்சாரச் சிக்கனத்தைக் காட்டுவது நட்சத்திரக் குறி. அதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கடையில் ஐஸ்கிரீம் குளிர்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இரவில் மின்சாரம் போனால் தெரிய வேண்டும் என்பது நியாயமான தேவை. அதற்கு மின்தடை வந்ததும் ஒலிக்கும் சாதாரண அலாரமே பெரும்பாலும் போதும். வீடு தூரத்தில் இருந்தால் மட்டும் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

தராசும் முத்திரையும்

தராசு நமது நாணயத்தின் அடையாளம். மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை பெற வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. தமிழகத்தில் தொழிலாளர் துறை இதைக் கவனிக்கிறது. ஆய்வாளர் வந்தால் முத்திரையையும் சான்றிதழையும் கேட்பார். தராசு எந்தச் செயலியில் இணைந்திருக்கிறது என்று கேட்க மாட்டார். சரியாக நிறுக்க ஒரு தராசுக்கு இன்டர்நெட் வேண்டியதில்லை. சமதளமான மேடையும், சார்ஜ் உள்ள பேட்டரியும், முத்திரையும் இருந்தால் போதும்.

‘ரேஷன் கடையில் தராசை இணைத்திருக்கிறார்களே’ என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. 2025-ல் தமிழக ரேஷன் கடைகளில் தராசையும் விற்பனைக் கருவியையும் புளூடூத் மூலம் இணைத்தார்கள். சரியான எடை வைத்தால்தான் பில் வரும் என்பது ஏற்பாடு. புளூடூத் என்பது சில அடி தூரத்துக்குள் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும் முறை. அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. ஆனால் குடும்ப அட்டையையும் கைரேகையையும் சரிபார்க்க விற்பனைக் கருவி சர்வரை நாட வேண்டும். சர்வர் தாமதமானால் அரிசி இருக்கும், தராசு இருக்கும், வாங்க வந்தவரும் எதிரிலேயே நிற்பார். விநியோகம் மட்டும் நடக்காது. கோடிக்கணக்கான அட்டைகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய அரசுக்கு அந்த ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. நம் மளிகைக் கடைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பில் மெஷின் வாங்கினால், நெட் இல்லாதபோதும் பில் போட்டு, பின்னர் கணக்கைச் சேர்த்துக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அமாவாசை இரவில் பேசாத பெட்டி

இன்டர்நெட் கட்டாயம் தேவைப்படும் சாமானும் நம் கல்லாவில் இருக்கிறது. பணம் வந்ததை அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ்தான் அது. அதன் வேலையே வங்கிக் கணக்கில் நடந்ததைக் கடையில் சொல்வது. சிம் கார்டும் சிக்னலும் இல்லாமல் அதனால் பேச முடியாது. பொய்யான ரசீதுப் படத்தைக் காட்டி ஏமாற்றுகிறவர்களிடமிருந்து நம்மைக் காப்பாற்றுவதால், அதற்குக் கொடுக்கும் வாடகைக்குப் பொருள் உண்டு.

ஆனால் அதன் எல்லையையும் அறிய வேண்டும். மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு ஒவ்வொரு அமாவாசை இரவும் பெருங்கூட்டம் திரள்கிறது. ஒரு செல்போன் கோபுரத்தின் திறனை அதைச் சுற்றியுள்ள எல்லாப் போன்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கூட்டம் பெருகினால் ஒவ்வொரு போனுக்கும் கிடைப்பது குறையும். தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம், குங்குமம் விற்கும் கடைகளில் கை ஓயாத நேரத்தில்தான் இந்த நெரிசலும் உச்சத்துக்கு வரும். வாடிக்கையாளர் ‘பணம் போய்விட்டது’ என்பார். பெட்டி மௌனமாக இருக்கும்.

பெட்டி பேசவில்லை என்பதாலேயே பணம் வரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. போனில் காட்டும் படத்தை மட்டும் பார்த்துப் பணம் வந்ததாகவும் கொள்ளக் கூடாது. நம் வங்கியின் குறுஞ்செய்தியையோ, நம் கணக்கின் வரவையோ பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கோளாறு நம் ஊரில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2025 மார்ச் 26-ம் தேதியும் ஏப்ரல் 12-ம் தேதியும் நாடு முழுவதும் யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் தடைப்பட்டது. ஆகவே அமாவாசைக்கு முன்தினமே கல்லாவில் சில்லறை நிரப்பி வைப்பது இன்றைக்கும் நல்ல வழக்கம்.

சர்வர் நின்றால் சாமான் நிற்கலாமா?

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பல ஊர்களில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் அறுந்தன. அப்படிப்பட்ட நாளில்தான் மக்களுக்கு அரிசியும் பாலும் மெழுகுவர்த்தியும் அவசரமாகத் தேவைப்படும். அன்றைக்கு விற்பனை செய்ய முத்திரையிட்ட தராசும், பற்று வரவு நோட்டும், ஒரு பேனாவும் உள்ள கடைக்காரரால் முடியும். எல்லாவற்றையும் ஆன்லைனில் கட்டிவைத்தவர் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

நம் ஊரில் வானம் தெளிவாக இருந்தாலும் எங்கோ ஓரிடத்தில் கோளாறு வரலாம். 2025 அக்டோபர் 20, நமக்குத் தீபாவளி. அன்று அமெரிக்காவில் அமேசான் நிறுவனத்தின் கணிப்பொறி மையங்களில் ஏற்பட்ட கோளாறால் உலகெங்கும் பல சேவைகள் முடங்கின. இன்டர்நெட்டில் இயங்கும் விலையுயர்ந்த கட்டில்களில் சில, சூட்டைக் குறைக்க முடியாமலும் சாய்வை மாற்ற முடியாமலும் நின்றுவிட்டன. படுத்து உறங்க ஒரு கட்டிலுக்குச் சர்வர் தேவைப்பட்டது!

கோளாறைச் சரிசெய்துவிடலாம், கம்பெனியே சேவையை நிறுத்திவிட்டால் வழியில்லை. வீட்டுச் சாதனங்களை இணைக்கும் ‘ரிவால்வ்’ என்ற பெட்டி அமெரிக்காவில் 299 டாலருக்கு விற்றது. அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதம் சர்வரை மூடியது. பெட்டியில் பழுது எதுவும் இல்லை. ஆனால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா ஆகிவிட்டது. 2022 ஏப்ரலில் ‘இன்ஸ்டியான்’ என்ற நிறுவனமும் முன்னறிவிப்பின்றிச் சர்வர்களை நிறுத்தியது. நம் தாத்தா காலத்துத் தராசுக்கு இப்படி ஒரு முடிவு வந்ததில்லை.

கேமராவும் டி.வி.யும்

திருட்டைத் தடுக்கக் கடைகளில் கேமரா வைக்கிறோம். அது படம் பிடித்துப் பதிவு செய்ய இன்டர்நெட் வேண்டாம். கடையிலுள்ள பதிவுப் பெட்டியும் அதனுள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கும் போதும். வீட்டிலிருந்தபடி பார்க்க விரும்பினால்தான் நெட் வேண்டும். அப்படி இணைக்கும்போது கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்ற வேண்டும். 2016-ல் ‘மிராய்’ என்ற தீய மென்பொருள், பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ஆயிரக்கணக்கில் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் அவற்றை ஏவி, அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கினார்கள். கேமராவின் சொந்தக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. நம் நாட்டிலும் 2024 ஏப்ரலில் மத்திய அரசு கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கி அறிவிக்கை வெளியிட்டது; அது 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் அந்தச் சான்று உண்டா என்று கேளுங்கள்.

சாமானை விற்றபின்னும் கம்பெனி ஏன் இணைப்பை விரும்புகிறது என்பதற்கு ஒரு சான்று. ‘விசியோ’ டி.வி. நிறுவனம், 1 கோடியே 10 லட்சம் டி.வி.களில் வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்பதை அனுமதியின்றிச் சேகரித்து விற்றதாக அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. 2017-ல் அந்நிறுவனம் 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கடை திறக்கும் நேரம், மூடும் நேரம், எந்தச் சரக்கு எவ்வளவு போகிறது என்பதெல்லாம் நமது தொழில் இரகசியம். எந்தப் பெட்டி அதை யாரிடம் சொல்கிறது என்று தெரியாமல் கல்லாப் பக்கத்தில் வைக்கலாமா?

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

1. நெட் இல்லாதபோது இந்தச் சாமான் தன் முக்கிய வேலையைச் செய்யுமா? கடையிலேயே இணைப்பை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

2. கையால் திருகவும் அழுத்தவும் சுவிட்சு இருக்கிறதா, அல்லது செயலி மட்டும்தானா?

3. மாதச் சந்தா, ஆண்டுக் கட்டணம் உண்டா? விலையோடு ஐந்தாண்டுச் சந்தாவையும் கூட்டிப் பாருங்கள்.

4. சர்வர் சேவை எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் தருவார்களா?

5. நம் கணக்கு விவரம் நம்மிடம் இருக்குமா? வேறு மெஷினுக்கு மாறினால் அதை எடுத்துக்கொள்ள முடியுமா?

முதல் கேள்விக்கே ‘இல்லை’ என்று பதில் வந்தால், அந்தச் சாமானை வாங்கவும் வேண்டாம், வாடிக்கையாளருக்குப் பரிந்துரைக்கவும் வேண்டாம். சவுண்ட் பாக்ஸ் போல, வேலையே தூரத்துச் செய்தியைக் கொண்டுவருவதாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

புதுமையை எதிர்ப்பது நமது நோக்கமன்று. கல் தராசிலிருந்து மின்னணுத் தராசுக்கும், கை பில்லிலிருந்து மெஷின் பில்லுக்கும் நாம் தயங்காமல் மாறியவர்கள். லாபம் தெரிந்ததால் மாறினோம். வைஃபைச் சாமானுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்த முறை முகவர் வந்து ‘ஆன்லைன் தராசு’ என்று விரித்து வைத்தால், நெட்டை நிறுத்திவிட்டு ஒரு கிலோ துவரம்பருப்பை அதில் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.