ஒன்பது பிள்ளைகள் பள்ளிக்குப் போக 1,200 சிப்பாய்கள்... தெரியுமா?

ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தை ‘அமெரிக்காவின் மிக அழகான உயர்நிலைப் பள்ளி’ என்று கட்டடக் கலைஞர்களின் சங்கமே கொண்டாடியது, தெரியுமா? ஆர்கன்சா மாநிலத் தலைநகர் லிட்டில் ராக்கில் இருக்கும் சென்ட்ரல் ஹைஸ்கூல்தான் அது! 1927-ல் திறந்தபோது செலவு 15 லட்சம் டாலர். நீளம் மட்டும் இரண்டு தெரு! உள்ளே போன கான்கிரீட் 3 கோடியே 60 லட்சம் பவுண்டு, எஃகு 370 டன்!

வாசலுக்கு மேலே நான்கு சிலைகள். லட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம் என்று பெயர். ஆனால், அந்த வாசல் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்! கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1929-ல் தனியாக டன்பர் பள்ளியைக் கட்டினார்கள். சென்ட்ரலை வரைந்த ஐவரில் இருவர்தான் அதையும் வரைந்தார்கள். சாயலும் அதேதான். செலவு மட்டும் 4 லட்சம் டாலர்!

1957 செப்டம்பர் 4. சென்ட்ரலில் சேர வந்த ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளில் ஒருவரான எலிசபெத் எக்ஃபோர்டுக்கு வயது 15. ஒன்பது பேரும் சேர்ந்து போகலாம் என்ற தகவல் அவருக்குக் கிடைக்கவே இல்லை. காரணம், வீட்டில் போன் கிடையாது! வீட்டிலேயே தைத்த வெள்ளை உடையில் தனியாக வந்தார். வெள்ளை மாணவர்களுக்கு வழிவிட்ட மாநிலக் காவல்படை, இவருக்கு மட்டும் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டியது. ஒரு கும்பல் கத்திக்கொண்டே பின்னால் வர, பஸ் ஸ்டாப் பெஞ்சு வரை நடந்துபோய் உட்கார்ந்தார்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை! ஒன்பது பேரையும் உள்ளே அழைத்துப்போக, ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்தின் 101-வது ஏர்போர்ன் டிவிஷனிலிருந்து சுமார் 1,200 சிப்பாய்களை அனுப்பினார். கவர்னர் ஃபாபஸின் கையிலிருந்த காவல்படையையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மறித்த படைக்கே காவல் வேலை!

மறுவருடம் மே மாதம், ஒன்பது பேரில் ஒருவரான எர்னஸ்ட் கிரீன் பட்டம் வாங்கினார். அந்தப் பள்ளியின் முதல் கறுப்பினப் பட்டதாரி! விழாவைப் பார்க்க வந்திருந்தவர்களில் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங்!

கவர்னர் விட்டாரா? 1958-59 முழுக்க ஊரின் உயர்நிலைப் பள்ளிகளைப் பூட்டிவிட்டார். ஒப்பந்தம் இருந்ததால் ஆசிரியர்கள் காலி வகுப்பறைக்கு வந்து போனார்கள். பாடம் இல்லை, பரீட்சை இல்லை. ஆனால், ஃபுட்பால் ஆட்டம் மட்டும் நின்றபாடில்லை! என்ன முன்னுரிமையோ!

இன்று அது தேசிய வரலாற்றுத் தலம். ஆனாலும் மணி அடிக்கிறது, வகுப்பு நடக்கிறது! நிருபர்கள் செய்தி சொல்ல போனுக்கு ஓடிய எதிர்ப்புறப் பெட்ரோல் பங்க்கைக்கூட, 1957-ல் இருந்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள்.