இன்னும் 19 நாள் இருந்திருந்தால்...!

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் 3-ந் தேதி.

அமெரிக்க நாட்டில் பாட்டு ரசிகர்கள் பலர் அந்த நாளை எண்ணி எண்ணிக் காத்திருந்தார்கள். "டி லா சோல்" என்ற குழுவின் பழைய பாட்டுகள் முறைப்படி கைபேசிக்கு வந்த நாள் அது.

உலகத்துப் பாட்டெல்லாம் கைபேசியில் கேட்கிறது. புகழ் பெற்ற இந்தக் குழுவின் பாட்டுகள் மட்டும் ஏன் இத்தனை காலம் வரவில்லை?

அது ஒரு பெரிய கதை!

தயிர்ப் பெயர்

நியூயார்க் நகரை ஒட்டி லாங் ஐலண்டு என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே அமிட்டிவில் என்ற ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் கெல்வின் மெர்சர், டேவிட் ஜாலிகூர், வின்சென்ட் மேசன். மூவரும் கறுப்பு இனத்து வாலிபர்கள். 1980-களின் பிற்பகுதியில் பாட்டுக்குழு தொடங்கினார்கள்.

டேவிட்டுக்குத் தயிர் என்றால் உயிர். தயிருக்கு ஆங்கிலத்தில் "யோகர்ட்" என்று பெயர். அந்த ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பி, "ட்ரூகாய்" என்று மேடைப் பெயர் வைத்துக்கொண்டார்! நண்பர்கள் அவரை "டேவ்" என்று கூப்பிட்டார்கள்.

ஒட்டுப்போட்ட பாட்டு

இவர்கள் பாடியது "ஹிப் ஹாப்". 1970-களில் நியூயார்க்கின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதிகளில் பிறந்த பாட்டு இது. ராகம் இழுப்பது கிடையாது. தாளத்துக்கு ஏற்ப, எதுகையோடு கடகடவென்று பேசுவார்கள்.

பின்னணி இசைக்குப் பழைய இசைத்தட்டுகளில் இருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவார்கள். பழைய புடவைத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்துப் புது விரிப்பு செய்வதைப் போல!

1989-ம் ஆண்டு மார்ச் மாதம் இவர்களுடைய முதல் இசைத்தட்டு "த்ரீ பீட் ஹை அண்ட் ரைசிங்" வெளிவந்தது. அதே ஊரைச் சேர்ந்த பிரின்ஸ் பால் அதை அமைத்துக் கொடுத்தார். பல பாடகர்கள் கனத்த தங்கச் சங்கிலியும் முறைப்புமாக வந்த காலம் அது. இவர்களோ பூப்போட்ட சட்டையும் சிரிப்புமாக வந்தார்கள்.

நாடெங்கும் பெயர் பரவியது.

கோர்ட்டில் வழக்கு

புகழோடு வழக்கும் வந்தது. "டர்ட்டில்ஸ்" என்ற பழைய பாட்டுக்குழுவினர், "எங்கள் பாட்டின் ஒரு துண்டை அனுமதி இல்லாமல் எடுத்துவிட்டார்கள்" என்று வழக்குப் போட்டார்கள். பிறகு கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆயிற்று.

அதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் காத்திருந்தது.

மற்றத் துண்டுகளுக்கு வாங்கிய அனுமதிப் பத்திரங்களில் இசைத்தட்டு, ஒலிநாடா பற்றித்தான் எழுதியிருந்தது. இணையம் பற்றி ஒரு சொல் இல்லை. எப்படி இருக்கும்? அன்று அப்படி ஒரு வியாபாரமே கிடையாதே!

பாட்டுகள் இணையக் கடைக்கு வந்தபோது, இவர்களுடைய பழைய பாட்டுகள் வாசலிலேயே நின்றுவிட்டன. புதிய தலைமுறைப் பிள்ளைகளுக்கு இவர்கள் பெயர் தெரியாமல் போகும் நிலை வந்தது.

ரசிகர்கள் கொடுத்த பணம்

நண்பர்கள் மூவரும் சோர்ந்துவிடவில்லை. பழைய கம்பெனியை விட்டு விலகிய அவர்கள், ஊர் ஊராகச் சென்று மேடையில் பாடினார்கள். 2014-ம் ஆண்டு காதலர் தினத்தன்று தங்கள் பாட்டுகள் அனைத்தையும் 25 மணி நேரத்துக்கு ரசிகர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள்!

2015-ல் புதிய இசைத்தட்டு போட ரசிகர்களிடமே பணம் கேட்டார்கள். கேட்டது 1 லட்சத்து 10 ஆயிரம் டாலர். வந்து குவிந்ததோ 6 லட்சம் டாலருக்கு மேல்! கொடுத்தவர்கள் 11 ஆயிரம் பேருக்கு மேல்.

இந்தத் தடவை அவர்கள் எச்சரிக்கையாக இருந்தார்கள். வாத்தியக்காரர்களை அமர்த்தி, மணிக்கணக்கில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அதிலிருந்தே துண்டுகளை வெட்டி ஒட்டினார்கள். 2016-ல் அந்த இசைத்தட்டு வெளிவந்தது.

விடிந்தது, ஆனால்...

2019-ல் பழைய பாட்டுகளை இணையத்தில் வெளியிடக் கம்பெனி முன்வந்தது. "எங்களுக்குக் கிடைக்கும் பங்கு மிகவும் குறைவு" என்று குழுவினர் மறுத்தார்கள். ரசிகர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். வெளியீடு நின்றது.

2021-ல் அந்தக் கம்பெனி கைமாறியது. புதிய உரிமையாளர்கள் குழுவினரோடு உட்கார்ந்து பேசினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி தேடினார்கள். கிடைக்காத சில துண்டுகளை மாற்றி அமைத்தார்கள். பழைய 6 இசைத்தட்டுகளையும் வெளியிட 2023 மார்ச் 3-ந் தேதி குறிக்கப்பட்டது.

டேவ் சில ஆண்டுகளாக இருதய நோயால் அவதிப்பட்டு வந்தார். பிப்ரவரி 12-ந் தேதி காலமானார். வயது 54.

இன்னும் 19 நாள் இருந்திருந்தால், அந்த நாளைக் கண்ணால் கண்டிருப்பார்!

மற்ற இருவரும் தொடர்ந்து பாடி வருகிறார்கள். 2025-ல் புதிய இசைத்தட்டும் வெளியிட்டார்கள்.

வாலிப வயதில் பத்திரத்தில் போட்ட கையெழுத்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் துரத்தி வரும். கையெழுத்துப் போடும் எவருக்கும் இவர்கள் கதை ஒரு பாடம்.

தயிரைத் தலைகீழாக்கிப் பெயர் சூட்டிக்கொண்ட டேவின் குரல், கைபேசியைத் தட்டினால் இப்போது கேட்கிறது.