தோல் சீட்டுக்கு ஆண்டுக்கு 1,576 ரூபாய்

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே, மே மாதப் பகலில் வெளியே 38 டிகிரி என்றால், கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 60-ஐத் தொடும். தோல் சீட்டைக் காய வைத்து வெடிக்கச் செய்வதில் அழுக்குக்கு இரண்டாம் இடம்தான்.

கணக்குக்கு முன், சீட் தோல்தானா என்று பார்த்துவிட வேண்டும். ‘லெதர் சீட்’ என்று விற்கும் பல வண்டிகளில் உடம்பு படும் இடம் மட்டுமே தோல். பக்கமும் முதுகுப்புறமும் ரெக்சின். ரெக்சினுக்குக் கண்டிஷனர் தடவுவது தண்டச் செலவு. ஈரத்துணியும் இரண்டு சொட்டு ஷாம்பூவும் போதும்.

நிஜத் தோல் என்றே வைத்துக்கொள்வோம். சீட் 5, சுத்தம் செய்வது ஆண்டுக்கு 4 முறை. ஒரு முறைக்குக் கிளீனர் 60 மில்லி, கண்டிஷனர் 40 மில்லி தாராளம். ஆண்டுக்கு 240, 160 மில்லி. கால் லிட்டர் கிளீனர் 450 ரூபாய், கண்டிஷனர் 600 ரூபாய் என்று போட்டால் செலவாகும் அளவுக்கு 432-ம் 384-ம். மைக்ரோஃபைபர் துணி நான்குக்கு 240, மெத்தென்ற பிரஷ் 120, முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பு 400. ஆக மொத்தம் 1,576. சீட்டுக்கு 315 சொச்சம். ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 6 மணி நேர உழைப்பு. தண்ணீர் அரை லிட்டர்கூட ஆகாது. குழாயால் பீய்ச்சினால் தையல் ஓட்டை வழியே ஸ்பாஞ்சில் இறங்கி நாறும்.

இந்தப் பட்டியலில் எனக்கு நம்பிக்கை குறைந்த வரி அந்த 384. இன்றைய கார் தோலில் பெரும்பாலானவற்றின் மேல் நிறப்பூச்சும் பாலியூரித்தேன் படலமும் இருக்கின்றன. கண்டிஷனர் உள்ளே போவது கொஞ்சம்தான். மாதாமாதம் தடவுவதால் லாபம் பாட்டில் விற்பவருக்கே. 400 ரூபாய் மறைப்புதான் உண்மையில் உழைக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். டிரைவர் சீட் ஒன்றுக்குப் புதுத் தோல் போட, வெட்டில் வீணாவதோடு 20 சதுர அடி. அடி 150 வீதம் 3,000. தையல் கூலி 2,000 சேர்த்தால் 5,000. மூன்று ஆண்டுப் பராமரிப்பை ஒரே சீட் விழுங்கிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள் பக்கத்து மாவட்டங்களிலேயே இருந்தாலும் அடிக்கணக்கு அடிக்கணக்குதான்.

இந்த ஊர் வண்டிகளின் அழுக்கும் தனி ரகம். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வருபவரின் வியர்வை உப்பு, நெற்றியிலிருந்து உதிரும் விபூதி, மடியில் சிந்தும் குங்குமம். சாண விபூதி சாம்பல். காரத்தன்மை உள்ளது, நறநறவென்றும் இருக்கும். ஈரத்துணியால் தேய்த்தால் உப்புத்தாள் வேலை செய்யும். முதலில் உலர் பிரஷ்ஷால் தட்டி, வாக்குவம் பிடித்த பிறகே ஈரம் படவேண்டும். மஞ்சள் கறைக்குச் சோப்பு போடவே கூடாது. தோலின் இயல்பு அமிலம், பிஎச் ஏறக்குறைய 4. துணிச்சோப்பு 9, 10. காரம் பட்ட மஞ்சள் சிவந்துபோகும். குங்குமம் பிறப்பதே அப்படித்தான். பௌர்ணமி மறுநாள் பத்து நிமிடம் ஒதுக்கினால், ஆண்டுக்கு 12 அல்லது 13 துடைப்பு. காசு செலவில்லை.

தேங்காய் எண்ணெய் மலிவு என்பார்கள். படலத்தின் மேலேயே நின்று தூசியைப் பிடித்துக் கறுக்கும், பிறகு காறும். ஷூ பாலிஷ் போட்டால் அடுத்து உட்காருபவரின் வெள்ளை வேட்டி பதில் சொல்லும்.

ஆசிரமத்துக்குள் ரமணரின் பசு லட்சுமிக்குச் சமாதி இருக்கிறது. அது இறந்தது 1948 ஜூனில். சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியதும் அதே 1948. வாசலில் நிற்கும் காரின் சீட் மாட்டுத்தோல் என்பதை நினைத்து ரெக்சினுக்கு மாறுபவர்களை நான் கேலி செய்யமாட்டேன். வாடகை வண்டிக்கு அதுவே லாபமும்கூட: 384 மிச்சம், கிளீனரும் வேண்டாம்.

சொந்த வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. எந்தெந்தப் பாகம் தோல், எது ரெக்சின் என்று ஷோரூமில் கேட்டு, பில்லோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.