ஜன்னலுக்கும் ஒரு சாவி உண்டு

பழைய ஃபிளாட் வாங்கிக் குடிபோகிறவர்கள் வாசல் கதவுச் சாவிகளை எண்ணி வாங்குகிறார்கள். ஜன்னல் சாவியைக் கேட்பவர்கள் அபூர்வம். மரச் சட்டமும் கொக்கியும் தாழ்ப்பாளுமாக இருந்தவரை அதற்குத் தேவையும் இருக்கவில்லை. யு.பி.வி.சி. ஜன்னல்கள் வந்தபோது, பல வீடுகளில் கைப்பிடியோடு ஒரு குட்டிப் பூட்டும் சேர்ந்து வந்தது. மேஜை டிராயர் சாவி அளவுதான் அதன் சாவி. இரண்டு பேர் கைமாறிய வீட்டில் அது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இந்தப் பூட்டில் ஒரு சிக்கல். பல மாடல்களில் பூட்டுவதற்குச் சாவி வேண்டாம். கைப்பிடியில் உள்ள பொத்தானை அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும். திறக்கத்தான் சாவி தேவை. குழந்தை விளையாட்டாக ஒருமுறை அமுக்கினால் போதும், ஜன்னல் அடைத்தது அடைத்ததுதான். சாவி கைக்கு வரும்வரை அந்தப் பொத்தானை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

அடுத்தது, அது எந்தச் சாவி என்று கண்டுபிடிப்பது. கைப்பிடியின் அடிப்பக்கத்தையும் சாவித் துவாரத்தின் ஓரத்தையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரோ ஓர் எண்ணோ பொறித்திருக்கலாம். துவாரம் தட்டையா, சதுரமா, அறுகோணமா என்பதையும் கவனியுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். வாசல் பூட்டைப்போல ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி வைத்து இவற்றைச் செய்வதில்லை. ஒரே மாடல் கைப்பிடிகளுக்குப் பெரும்பாலும் ஒரே சாவிதான். கடைக்கு ஓடுவதற்கு முன் மாடி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஒரே ஆள் பொருத்திய ஜன்னல்கள் என்றால் அவர் சாவி உங்கள் ஜன்னலையும் திறந்துவிடும். அதை வைத்தே இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.

அண்டை வீட்டுச் சாவி திறக்கிறதென்றால் பாதுகாப்பு என்னாவது என்று பதற வேண்டாம். கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விடுகிறவன் கைப்பிடியைத் திருப்பிவிடாமல் தடுப்பதுதான் இதன் வேலை.

சாவி கிடைக்கவே இல்லையா? கைப்பிடியையே மாற்றிவிடலாம், என் கணக்கில் அதுதான் நல்ல வழியும்கூட. ஜன்னலைத் திறந்து, கைப்பிடியைத் திருப்பி, மூடியை நகர்த்தினால் இரண்டு ஸ்க்ரூ தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையே பெரும்பாலும் 43 மில்லிமீட்டர் இருக்கும். உள்ளே போகும் சதுரக் கம்பி 7 மில்லிமீட்டர். அந்தக் கம்பியின் நீளம்தான் மாடலுக்கு மாடல் மாறும், அதை மட்டும் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஜன்னல் பூட்டிய நிலையிலேயே மாட்டிக்கொண்டால் பல மாடல்களில் ஸ்க்ரூவை எட்ட முடியாது. அப்போது கத்தியும் கம்பியும் விட்டுக் குடையாமல் சாவிக்காரரைக் கூப்பிடுங்கள். பல் வெட்டாத சாவியைத் துவாரத்தில் விட்டு அசைத்து, அதில் விழும் நுண்ணிய தடங்களைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவும் கைவேலை நம் தெருவோரச் சாவிக்காரர்களிடம் இன்னும் இருக்கிறது. கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வழக்கம். அது தூசியைப் பிடித்து இன்னும் இறுக வைக்கும். கிராஃபைட் பொடி போதும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது பால்கனி கிரில்லில் உள்ள திறப்புக் கதவு. தீப்பிடித்தால் தப்பிப்பதற்கென்று வைத்தது அது. அதில் தொங்கும் பூட்டோ மழையிலும் உப்புக் காற்றிலும் துருவேறிக் கிடக்கிறது. சாவி எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. புகை சூழ்ந்த அறையில் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூட்டைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அறுத்துப் போட்டுவிட்டுப் பித்தளைப் பூட்டாக ஒன்று மாட்டுங்கள். அதன் சாவியை, வெளியிலிருந்து கைக்கு எட்டாத, உள்ளேயிருந்து இருட்டிலும் எட்டுகிற ஓர் ஆணியில் தொங்கவிட்டு, வீட்டில் எல்லோருக்கும் இடத்தைக் காட்டிவையுங்கள்.