எழுத்து கைவிட்டாலும் குரல் கைவிடவில்லை! ஃபேன்டேஷியா பற்றித் தெரியுமா?

2004 மே மாதம், 'அமெரிக்கன் ஐடல்' தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் மூன்றாவது சீசனின் இறுதிச்சுற்று. குவிந்த வாக்குகள் சுமார் 6.5 கோடி! வென்றவர் 19 வயது ஃபேன்டேஷியா பாரினோ. அவர் கதையின் அதிசயங்கள் இதோடு முடியவில்லை!

★ வடக்கு கரோலினாவின் ஹை பாயின்ட் நகரில் பிறந்தவருக்குத் தேவாலயமே பாட்டுப் பள்ளி! சின்ன வயதிலேயே குடும்பத்தாரோடு சேர்ந்து காஸ்பல் என்னும் கிறிஸ்தவப் பக்திப் பாடல்களைப் பாடியவர். 17 வயதில் தாயானவர். பிள்ளையை வளர்த்துக்கொண்டேதான் போட்டிக்கு வந்தார்!

★ அவருடைய முதல் சிங்கிள் 'ஐ பிலீவ்' வெளியானதுமே அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. முதல் பாடலிலேயே இப்படி நுழைந்த முதல் கலைஞர் இவர்தான்! அந்தப் பாடலை எழுதியவர்களில் ஒருவரான டமைரா கிரே, ஐடல் முதல் சீசனில் பாடிய போட்டியாளர்!

★ அதே மூன்றாவது சீசனில் ஏழாம் இடத்தோடு வெளியேறியவர் யார் தெரியுமா? 2007இல் ஆஸ்கர் வென்ற ஜெனிஃபர் ஹட்சன்!

★ இத்தனை புகழ் வந்தபோதும் ஃபேன்டேஷியாவுக்குச் சரியாக வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை! ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒப்பந்தங்களைப் படிக்க முடியாமலே கையெழுத்துப் போட்டதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2005இல் வந்த தன்வரலாற்றையும் வாய்மொழியாகச் சொல்லித்தான் எழுதவைத்தார். 2006இல் அது தொலைக்காட்சிப் படமானபோது, தன் வேடத்தில் தானே நடித்தார்!

★ 2007இல் பிராட்வே மேடை. 'தி கலர் பர்ப்பிள்' இசை நாடகத்தின் நாயகி சீலி! ஆலிஸ் வாக்கரின் மூல நாவலில், கடவுளுக்குக் கடிதம் எழுதி எழுதியே உயிர் பிழைக்கும் பெண் அவள். எழுத்தோடு போராடிய ஒருவருக்கு அந்த வேடம் வாய்த்ததை என்னவென்று சொல்வது!

★ 2011இல் 'பிட்டர்ஸ்வீட்' பாடலுக்குக் கிராமி விருது!

★ சீலியின் துயரம் மேடையிலேயே அவரை வாட்டி எடுத்ததால், 'தி கலர் பர்ப்பிள்' இசை நாடகம் திரைப்படமாகி அதே வேட வாய்ப்பு வந்தபோது முதலில் மறுத்துவிட்டார். பிறகு மனம் மாறி நடித்தார். 2023 கிறிஸ்துமஸ் நாளில் படம் வெளியானது, கோல்டன் குளோப் பரிந்துரையும் தேடி வந்தது!

★ 2024 கிராமி மேடையில் பாடகி டினா டர்னருக்கு அஞ்சலியாக 'பிரவுட் மேரி' பாடினார். அரங்கமே எழுந்து ஆடியது!

ஐடல் பட்டம் சீசனுக்கு ஒருவருக்குக் கிடைக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்தும் ஓர் அரங்கை எழவைக்கும் குரல், தேவாலயத்தில் பயின்று வாழ்க்கையில் வெந்து வந்தது!