வாளையார் தாண்டினால் கள்ளு விருந்து! கோவைக்காரர்களைச் சுண்டி இழுக்கும் கேரளா "ஷாப்பு"

கோவை: "மலம்புழா அணை பார்க்கப் போறோமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அணையையும் பார்க்கிறார்கள். ஆனால் வண்டி முதலில் நிற்கிற இடம் வேறு!

மதுக்கரை, க.க.சாவடி தாண்டி வாளையார் சோதனைச் சாவடியைக் கடந்தால் போதும். கருப்புப் பலகை, வெள்ளை எழுத்து, மலையாளத்தில் ஒரே ஒரு வார்த்தை: "கள்ளு". மலையாளம் படிக்கத் தெரியாத ஆள்கூட இந்தப் பலகையை மட்டும் தப்பில்லாமல் படித்துவிடுவார்!

ஒரு காலத்தில் கூலித் தொழிலாளிகள் மட்டும் ஒதுங்கிய இந்தக் கள்ளுக்கடைகள் இன்று சுற்றுலாப் பட்டியலில் ஏறிவிட்டன. கொச்சி நகரை ஒட்டி உதயம்பேரூரில் உள்ள "முல்லப்பந்தல்" கடைக்கு வெளியூர் வண்டிகள் தேடி வருகின்றன. குமரகம், ஆலப்புழை பக்கம் படகு வீட்டில் போகிறவர்களும் வழியில் ஒரு கள்ளுக்கடையை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை.

கூட்டம் எதற்கு?

கள்ளுக்கு என்று நினைத்தால் பாதிதான் சரி. மீதிப் பாதி சாப்பாட்டுக்கு!

வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு, குடம்புளி போட்ட சிவப்பு மீன் குழம்பு, கரிமீன் வறுவல், தாரா ரோஸ்ட், தேங்காய்ப் பல் போட்டு வறுத்த மாட்டுக்கறி. காரம் மண்டையைப் பிளக்கும். கள் தொடாதவர்களும் இந்தக் குழம்புக்காகவே வருகிறார்கள். "குடும்ப அறை" என்று தனித்தனித் தடுப்பு போட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து சாப்பிட வசதி செய்த கடைகள் உண்டு. பழைய கடைகளில் பாட்டிலில் வரும் கள், டூரிஸ்ட் கடைகளில் மண் கலயத்தில் வருகிறது. போட்டோ பிடிக்கத் தோதாக இருக்குமல்லவா!

கள்ளிலும் வேளைக்கு ஒரு ருசி. இறக்கிய உடனே குடித்தால் இனிப்பு, அது "மதுரக்கள்ளு". மாலையில் இறக்குவது "அந்திக்கள்ளு". நேரம் ஆக ஆகப் புளிப்பு ஏறும், கிறுகிறுப்பும் ஏறும். மறுநாளைக்கு விட்டால் காடிதான்! அதே பாளைச் சாற்றை, கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிக்காது, பதநீர் ஆகிவிடும். மரம் ஒன்றுதான். சுண்ணாம்புதான் வித்தியாசம்.

சித்தூர் கள்

கேரளாவுக்கே கள் ஊற்றுகிற ஊர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பொள்ளாச்சியை ஒட்டிய பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டாரத் தோப்புகளில் இறக்கும் கள், வண்டி ஏறிப் பல மாவட்டங்களுக்குப் போகிறது.

சாராயத்தை 1996 ஏப்ரல் 1 முதல் கேரள அரசு தடை செய்தது. கள் தப்பியது. 2014-ல் ஐந்து நட்சத்திர ஓட்டல் தவிர மற்ற பார்களை மூட உத்தரவானது. அப்போதும் கள் தப்பியது. கள் இறக்கும் தொழிலாளிக்கு 1969-லேயே நலநிதிச் சட்டம் போட்டார்கள். 2023-ம் ஆண்டு மதுக் கொள்கையில், நட்சத்திர ஓட்டல்களும் சுற்றுலா விடுதிகளும் தங்கள் வளாகத்து மரத்திலேயே கள் இறக்கி விருந்தாளிக்குக் கொடுக்கலாம் என்றும் அறிவித்தார்கள்.

இந்தப் பக்கம் பூட்டு!

எல்லைக்கு இந்தப் பக்கம் கதை வேறு. கள்ளுக்கு எதிராக முதலில் கோடரி தூக்கியதே கொங்கு நாட்டுக்காரர்தான். 1921-ல் ஈரோடு ஈ.வெ.ரா. தமது சேலம் தாதம்பட்டித் தோப்பில் 500-க்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மையாரும் முன்னால் நின்றார்கள். 1937-ல் ராஜாஜி ஆட்சி மதுவிலக்கைத் தொடங்கியதும் பக்கத்துச் சேலம் ஜில்லாவில்தான்.

பிறகு கதவு திறந்து திறந்து மூடியது. 1971-ல் கலைஞர் ஆட்சி திறந்தது. 1974-க்குள் மறுபடி மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1987 ஜனவரி 1-ந் தேதி இரண்டுக்கும் பூட்டு விழுந்தது. ஆனால் சீமைச் சரக்கு நிற்கவில்லை. 1983-ல் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் கையில் எடுத்தது. 2023-24-ல் அரசுக்கு அதனால் வந்த வருமானம் 45,800 கோடி ரூபாய்க்கு மேல்!

விவசாயிகள் மடக்குவது இந்த இடத்தில்தான். "ஆலைச் சரக்கு விற்கலாம், எங்க மரத்துக் கள்ளு ஆகாதா?" என்பது அவர்கள் கேள்வி. கள் இயக்க ஒருங்கிணைப்பாளர் செ.நல்லசாமி பல ஆண்டுகளாக இதைத்தான் கேட்டு வருகிறார். மரம் வெட்டிய இயக்கம் நடந்த அதே ஈரோட்டுச் சீமையில் இன்று மரம் ஏறும் இயக்கம்! பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் வெள்ளை ஈயும் வாடல் நோயும் சேர்ந்து தென்னை விவசாயியின் கழுத்தைப் பிடிக்கும் நேரம் இது. ஒரு மரம் நாளைக்கு 1 முதல் 2 லிட்டர் வரை கள் கொடுக்கும். 2017-ல் நீரா இறக்க மட்டும் தமிழக அரசு அனுமதி அறிவித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு

கேரளக் கள் எல்லாம் சொக்கத் தங்கம் என்று நம்பிவிடக் கூடாது. 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் விஷம் கலந்த கள் குடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். மரம் குறைவு, கூட்டம் அதிகம் என்றால் கலப்படம் புகுந்துவிடும். அதே சமயம், கள் மூடியிருந்த தமிழ்நாட்டிலும் சாவு நிற்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது.

போகிறவர்கள் கவனிக்க!

கேரளாவில் 23 வயது நிரம்பாதவர்களுக்குக் கள் கிடையாது. லைசென்ஸ் நம்பர் போட்ட பலகை இல்லாத இடத்தில் உட்காராதீர்கள். "வீட்டுக்கு ஒரு பாட்டில்" என்று டிக்கியில் வைத்து வாளையார் தாண்டினால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி கேஸ். குடித்துவிட்டு ஸ்டீயரிங் பிடித்து மாட்டினால், முதல் தடவையே 10 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் வரலாம். பாலக்காட்டுக்கு ரெயிலும் பஸ்சும் இருக்கின்றன.

கடை திறப்பதா வேண்டாமா என்பது கோட்டையில் முடிவாக வேண்டிய சமாசாரம். ஆனால் கள் மரத்துக்கு தினம் மூன்று வேளை ஏற வேண்டும். பாளையைக் கட்டி, தட்டி, நுனி சீவி, கலயம் மாற்றுவது தகப்பனிடம் மகன் பார்த்துப் பழகுகிற தொழில். கொங்குத் தோப்புகளில் அந்தக் கத்தி 1987-ல் இடுப்பை விட்டு இறங்கியது. அன்று ஏறியவர்கள் இன்று தாத்தாக்கள். நாளைக்கே பூட்டைத் திறந்தாலும், மரம் ஏற ஆள் எங்கே?