வயிற்றில் ஆபரேஷன், வலி தோளில்!

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்வோர் மலை ஏறுமுன் கடக்கும் ஊர் கல்லாறு. அங்கிருந்து தலைநகரின் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வர சுமார் 45 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். மலைமேல் தேயிலைத் தோட்டங்களில் உள்ள தமிழ்த் தொழிலாளர்களுக்கு, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையும் சேர்ந்துகொள்ளும். இவர்களுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் மட்டும் போதாது. வீடு திரும்பியபின் உடம்பு படுத்தாமலும் இருக்க வேண்டும்.

பித்தப்பைக் கல், குடல்வால் போன்றவற்றுக்கு இன்று சிறு துளைகள் வழியே லாப்ராஸ்கோப் கருவியால் ஆபரேஷன் நடக்கிறது. பலர் இரண்டொரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் சிலருக்குத் தோளில் வலி எடுக்கிறது. வயிற்றில் கத்தி வைத்தால் தோள் ஏன் வலிக்கிறது? பெரும்பாலும் இதற்குக் காரணம் வாயு. மரச்சீனிக் கிழங்கு தின்று வரும் வாயு அல்ல. டாக்டரே வயிற்றுக்குள் செலுத்திய வாயு!

ஏன் வாயு?

வயிற்றின் சுவர் உள்ளுறுப்புகளின் மீது ஒட்டிக் கிடக்கிறது. அதைக் கூடாரம்போல் தூக்கினால்தான் உள்ளே பார்க்கவும் கருவியை அசைக்கவும் இடம் கிடைக்கும். 1901-ல் ஜெர்மானிய டாக்டர் கெல்லிங், ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி, குழாய் வழியே உள்ளே பார்த்துக் காட்டினார். பிற்காலத்தில் கரியமில வாயு வழக்கத்துக்கு வந்தது. அது தீப்பற்றாது, ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். இந்தியாவில் 1990-ல் மும்பையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா இம்முறையில் பித்தப்பையை அகற்றி வழிகாட்டினார்.

எவ்வளவு அழுத்தம்?

வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் வைப்பார்கள். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய சிரையில் உள்ள அழுத்தமே சாதாரணமாக 10-க்குள்தான். ஆகவே வாயு அழுத்தம் கூடினால் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்த ஓட்டம் குறைகிறது. நுரையீரல் விரிய இடம் சுருங்குகிறது; இருதயத்துக்கும் வேலை கூடுகிறது. இளவயதினர் தாங்கிக்கொள்வார்கள், இருதய நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அது பளுவாகலாம்.

மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானமும் இழுபடுகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே பகுதியில் சேர்வதால், மூளை அந்த வலியைத் தோள்வலியாகவே உணர்கிறது.

குறைத்தால் என்ன?

அழுத்தத்தை 8 அல்லது 10 அளவுக்குக் குறைத்தால் தோள்வலியும் வலி மாத்திரையின் தேவையும் குறைவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. லண்டனைச் சேர்ந்த டாக்டர் குறிஞ்சி குருசாமியும் சகாக்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, பித்தப்பை ஆபரேஷன்களில் சுமார் 90 சதவிகிதத்தைக் குறைந்த அழுத்தத்திலேயே முடிக்க முடிகிறது. ஆயினும் அதன் பாதுகாப்பு இன்னும் நன்கு நிரூபிக்கப்பட வேண்டும் என்றும் அவர்கள் எச்சரித்தனர்.

எச்சரிக்கையில் நியாயம் உண்டு. அழுத்தம் குறைந்தால் இடமும் குறையும். பருமனானவர்களுக்கும், முன்பே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் உள்ளே சரியாகத் தெரியாமல் போகலாம். பித்தநாளம் அறுபட்டால், தோள்வலியைத் தவிர்த்ததில் என்ன லாபம்? தேவைப்படும்போது டாக்டர் அழுத்தத்தைக் கூட்டத்தான் வேண்டும்.

வாயுவே இல்லாமலும் இதைச் செய்கிறார்கள். தமிழரான டாக்டர் ஜே. ஞானராஜ், வயிற்றுச் சுவரைக் கருவியால் தூக்கிப் பிடித்துச் செய்யும் முறையை வடகிழக்கு மாநிலக் கிராமங்களில் பரப்பினார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரக்கச் செய்தே இதை நடத்த முடிவது, வசதி குறைந்த ஆஸ்பத்திரிகளுக்குப் பெரிய அனுகூலம்.

ஆபரேஷனுக்கு முன், “குறைந்த அழுத்தம் எனக்குப் பொருந்துமா?” என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். இருதயம், நுரையீரல் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் வரும் தோள்வலி பெரும்பாலும் சில நாட்களில் தானே அடங்கும். அத்துடன் மார்பு இறுக்கமோ, வியர்வையோ, மூச்சுத் திணறலோ, காய்ச்சலோ, கடும் வயிற்றுவலியோ சேர்ந்தால், வாயு என்று சொல்லி வீட்டில் இருந்துவிடக் கூடாது. எவ்வளவு தூரமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.